மூன்றரை லட்சம் கட்டி சிங்கப்பூர் பெர்மிட்டில் போகலாமா?

தம்பி, நீங்கள் எழுதியிருந்ததை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். வயது 23. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை, கைக்கு வருவது 15,000. சிங்கப்பூர் ஷிப்யார்டில், அதாவது கப்பல் கட்டும் தளத்தில், வொர்க் பெர்மிட் இருக்கிறது, மூன்றரை லட்சம் ஆகும், மாதம் அறுபதாயிரம் நிற்கும் என்கிறார் ஏஜென்ட். அப்பா வேண்டாம் என்கிறார், அக்கா நகையைத் தரத் தயார். கூடப் படித்தவன் மரினா பே முன்னால் நின்று படம் போட்டுக்கொண்டே இருக்கிறான். இரண்டு வருடம் உழைத்து, அப்படியே நாலு ஊரையும் பார்த்துவிட்டுக் காசோடு திரும்ப முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கேள்வி வேறு மாதிரி கேட்கிறது. அந்த மூன்றரை லட்சம் எத்தனை மாதத்தில் திரும்பும், அதற்குள் கம்பெனி பெர்மிட்டை கேன்சல் செய்துவிட்டால் அக்கா நகை என்ன ஆகும் என்பதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் 2009-ல், 24 வயதில் போனவன். ஒன்றே முக்கால் லட்சம் கட்டினேன். ஷிப்யார்டில் ஹெல்பராக ஆரம்பித்து, ஸ்காஃபோல்டு கட்டி, சூப்பர்வைசராகி, கடைசி நாலு வருடம் சேஃப்டி கோஆர்டினேட்டராக இருந்தேன். இடையில் மூன்று வருடம் கட்டுமானத்திலும் இருந்தேன். 2021-ல் திரும்பி இப்போது அறந்தாங்கிப் பக்கம் இருக்கிறேன். இந்த இரண்டு துறைக்கும் என்னால் பொறுப்பாகப் பேச முடியும். ஹோட்டல், ஐடி என்று போகிறவர்கள் வேறு ஆளைக் கேளுங்கள்.

முதலில், வொர்க் பெர்மிட் என்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். அது ஒரு முதலாளிக்கு, ஒரு வேலைக்குக் கொடுக்கிற அனுமதி. வழக்கமாக இரண்டு வருடம் வரை இருக்கும். குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. அந்த முதலாளியை விட்டு வெளியே ஒரு மணி நேரம் வேறு வேலை பார்த்தாலும் குற்றம், ஞாயிற்றுக்கிழமை ஒரு கடையில் தட்டு கழுவினாலும் சரி. முதலாளி எப்போது வேண்டுமானாலும் பெர்மிட்டை ரத்து செய்யலாம். ஊருக்குத் திரும்பும் விமான டிக்கெட் அவர் செலவு, ஆனால் நீங்கள் ஏஜென்ட்டிடம் கட்டிய பணத்துக்கு அங்கே யாரும் பொறுப்பில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை அப்பாவிடம் படித்துக் காட்டுங்கள். அவர் பயப்படுவதும் இதற்காகத்தான் இருக்கும்.

ஏஜென்ட் வாயால் சொல்லும் சம்பளத்தை விட்டுவிடுங்கள். பார்க்க வேண்டியது ஐ.பி.ஏ. என்று எல்லாரும் சொல்லும் ஒரு கடிதம். சிங்கப்பூர் மனிதவள அமைச்சு முதலாளிக்குக் கொடுக்கும் முன் ஒப்புதல் அது. நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே அது உங்கள் கைக்கு வந்தாக வேண்டும், உங்கள் தாய்மொழியிலும் வர வேண்டும். அதில் அடிப்படைச் சம்பளம், படிகள், கழிவுகள் எல்லாம் தனித்தனியாக இருக்கும். கம்பெனி பெயரும் வேலையும் இருக்கும். உண்மையான கடிதம்தானா என்று அமைச்சின் தளத்திலேயே சரிபார்க்கலாம். கடிதத்தில் எழுதிய அடிப்படைச் சம்பளத்தை, உங்கள் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல், அமைச்சுக்குத் தெரிவிக்காமல் பிறகு குறைக்க முடியாது. "ஐ.பி.ஏ.யில் கம்மியாத்தான் போடுவாங்க, அங்க போனா ஜாஸ்தி தருவாங்க" என்று ஏஜென்ட் சொன்னால் அதை நம்பி வீட்டிலிருந்து கிளம்பாதீர்கள். பன்னிரண்டு வருடத்தில் அப்படி ஜாஸ்தி வாங்கிய ஒருவனை நான் பார்த்ததில்லை. எழுதியதைவிடக் கம்மி வாங்கியவர்களோடு ஒரே அறையில் படுத்திருக்கிறேன்.

அடிப்படைச் சம்பளம் என்கிற எண்ணை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்றால், ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலைக்கான காசு, அதை வைத்துத்தான் கணக்காகிறது. அங்கே வாரம் 44 மணி நேரம் வேலை. மாத அடிப்படைச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி, 52 வாரம், 44 மணி இரண்டின் பெருக்கலான 2,288-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரச் சம்பளம். ஓ.டி.க்கு அதில் ஒன்றரை மடங்கு. உங்கள் கடிதத்தில் 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை அங்கே அப்படித்தான் சொல்வோம்) என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 3.15 வெள்ளி, ஓ.டி.க்கு 4.72. மாதத்துக்கு 72 மணி நேரம்தான் சட்டப்படி உச்சவரம்பு (விலக்கு வாங்கி அதற்கு மேலும் ஓட்டும் கம்பெனிகள் உண்டு). அந்த 72 மணியும் கிடைத்தால் 340 வெள்ளி. ஆக மொத்தம் 940. இதில் சாப்பாட்டுக்கு 180, போனுக்கு 20, சோப்பு, பஸ், ஞாயிற்றுக்கிழமை டீ, முடிவெட்டு, காய்ச்சல் மாத்திரை எல்லாம் சேர்த்து 90. தங்குமிடத்துக்குப் பிடித்தம் இல்லை என்றால் 650 வெள்ளி மிஞ்சும். வெள்ளிக்கு 65 ரூபாய் போட்டால் 42,250. ஏஜென்ட் சொன்ன அறுபதாயிரம் செலவே இல்லாத ஒரு மனிதனுடைய மொத்தச் சம்பளம்.

இப்போது கடன் பக்கம் வாருங்கள். மூன்றரை லட்சத்துக்கு ஊரில் இரண்டு வட்டி என்றால் முதல் மாதமே 7,000 வட்டிக்குப் போகிறது. மிஞ்சுகிற 42,250 முழுவதையும் கடனில் போட்டால் ஒன்பது மாதத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். யாரும் முழுவதையும் போடுவதில்லை. வீட்டுக்கு 20,000 அனுப்பிவிட்டு மீதியைக் கடனில் போட்டால் 19 மாதம். ஓ.டி. இல்லாமல் போய்விட்டால் மிஞ்சுவதே 310 வெள்ளி, அதாவது இருபதாயிரம். அதை ஒரு ரூபாய்கூட வீட்டுக்குக் கொடுக்காமல் கடனிலேயே போட்டாலும் 21 மாதம் தாண்டும். பெர்மிட் 24 மாதம். நகை அடகு என்றால் வட்டி குறையும், நல்லதுதான், ஆனால் கணக்கின் முகம் பெரிதாக மாறாது. உங்கள் கடிதத்தில் உள்ள எண்ணைப் போட்டு இதே கணக்கை ஒரு தாளில் நீங்களே போடுங்கள். அதை அக்காவிடமும் காட்டுங்கள், நகை அவருடையது.

ஓ.டி. இல்லாமல் போகுமா என்று கேட்பீர்கள். போகும். 2014 நடுவில் ஒரு பீப்பாய் நூறு டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெய் 2016 தொடக்கத்தில் முப்பதுக்கும் கீழே வந்தது. கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகள் கட்டித்தான் ஷிப்யார்டுகள் பிழைத்தன. ஆர்டர் நின்றது. இரவு ஒன்பது மணி வரை வெல்டிங் வெளிச்சம் தெரிந்த இடம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டாகிவிட்டது. என் அறையில் வந்து ஏழு மாதமே ஆன ஒரு பையன் இருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனையும் இன்னும் ஐந்து பேரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள், திங்கட்கிழமை டிக்கெட். சனிக்கிழமை முழுக்க அவன் யாரிடமும் பேசவில்லை, கட்டிலில் உட்கார்ந்து கால்குலேட்டரில் ஏதோ தட்டிக்கொண்டே இருந்தான். இன்னும் இரண்டு லட்சத்து எழுபதாயிரம் பாக்கி என்று எனக்கு அப்புறம் சொன்னான். அவன் வேலையில் ஒரு குறையும் இல்லை. எண்ணெய் விலைக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்கு யார் சொல்லிப் புரிய வைப்பது?

அதனால் போகிற கம்பெனி யாருக்கு வேலை செய்கிறது என்று கேளுங்கள். நம் பையன்களில் பெரும்பாலோர் பெரிய யார்டின் நேரடி ஆட்கள் கிடையாது, அதற்கு உள்ளே வேலை எடுத்துச் செய்யும் காண்ட்ராக்டரின் ஆட்கள், சில சமயம் அந்தக் காண்ட்ராக்டருக்கும் கீழே இருக்கிற சப்-கானின் ஆட்கள். ஏஜென்ட் பெரிய யார்டின் பெயரைத்தான் சொல்வார். கடிதத்தில் இருப்பது வேறு பெயராக இருக்கும். அது மோசடி என்று சொல்ல வரவில்லை, வழக்கமே அதுதான். ஆனால் சம்பளம் தரப்போவது கடிதத்தில் உள்ள பெயர். அந்தக் கம்பெனியில் இப்போது வேலை செய்யும் ஒரு ஆளின் போன் நம்பரைக் கேளுங்கள். ஏஜென்ட் கொடுக்க மறுத்தாலும் அதுவே உங்களுக்கு ஒரு தகவல்தான்.

ஏஜென்ட் பணம் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், கோபம்தான் வரும். இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி உரிமம் வைத்திருக்க வேண்டும். ஒரு ஆளிடம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். உரிமம் உண்டா என்று இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். சிங்கப்பூர் ஏஜென்சி அங்கே வாங்கக்கூடியது ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எத்தனை வருடமானாலும் இரண்டு மாதத்துக்கு மேல் கூடாது. இரண்டையும் கூட்டினாலும் மூன்றரை லட்சம் வராது. மீதி எங்கே போகிறது? ஊர்த் தரகர், அவருக்கு மேலே ஒருவர், அங்கே ஆள் எடுக்கும் சூப்பர்வைசர் என்று பிரியும் என்பது நான் கண்ணால் பார்த்தது. எந்தக் கையில் எவ்வளவு என்று யாரும் ரசீது தருவதில்லை. வேலை தருவதற்கோ பெர்மிட்டைப் புதுப்பிப்பதற்கோ முதலாளி தொழிலாளியிடம் காசு வாங்குவது சிங்கப்பூரில் குற்றம். இரண்டு வருடம் முடியும்போது "ரெனியூவல் காசு" என்று கேட்பார்கள், அதுவும் இதே குற்றம்தான். அரசு வரி போல முதலாளி கட்டும் லெவியையும், உங்களுக்காக அவர் வைக்கும் 5,000 வெள்ளி உத்தரவாதத்தையும் உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

இன்னொன்று. சவுதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்குப் பத்தாவது முடிக்காதவர்கள் போவதென்றால் இந்திய அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும், அங்கே ஒப்பந்தத்தை ஒரு அதிகாரியாவது பார்ப்பார். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் ஒப்பந்தத்தை உங்களைத் தவிர யாரும் படிக்கப்போவதில்லை. தமிழக அரசே நடத்தும் ஓ.எம்.சி.எல். என்கிற அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லிருந்து இருக்கிறது. அங்கே உங்கள் தகுதிக்கு ஏதாவது வருகிறதா என்று பதிவு செய்து வையுங்கள், நஷ்டமில்லை.

கட்டுமானத்துக்கு மாறிக்கொள்ளுங்கள் என்றும் ஏஜென்ட் சொல்லலாம். அதற்கு இங்கேயே ஒரு திறன் தேர்வு இருக்கிறது, நம் ஆட்கள் "டெஸ்ட் அடிப்பது" என்பார்கள். கம்பி கட்டுவது, டைல்ஸ், பிளம்பிங், வயரிங் என்று ஏதாவது ஒரு தொழிலில். தேறினால் சான்றிதழ் வரும், வேலை வராது. இந்த இரண்டையும் குழப்பி விற்கும் இடங்கள் ஏராளம். எஸ் பாஸ் (வொர்க் பெர்மிட்டுக்கு அடுத்த மேல்நிலை வேலை அனுமதி) என்று யாராவது எட்டு லட்சம் கேட்டால் இன்னும் உஷார். 2025 செப்டம்பரிலிருந்து அதற்குக் குறைந்தபட்சச் சம்பளமே 3,300 வெள்ளி. பேப்பரில் அதைக் காட்டி, கையில் ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து, மீதியைத் திருப்பி வாங்கும் விளையாட்டு நடக்கிறது. பொய்த் தகவலுக்கு அங்கே சிறைவரை போகும். தெரிந்தே கையெழுத்துப் போட்டால் நீங்களும் மாட்டுவீர்கள்.

சரி, வாழ்க்கை எப்படி இருக்கும்? காலை நாலரைக்கு எழுவீர்கள். டார்ம் என்கிற தொழிலாளர் விடுதியின் வாசலில் பெயர் எழுதிய நெகிழிப் பைகள் வரிசையாகத் தரையில் கிடக்கும், கேட்டரிங்காரன் நடுராத்திரியே வைத்துவிட்டுப் போயிருப்பான். ஒன்று காலைச் சாப்பாடு, ஒன்று மதியத்துக்கு. அந்த மதியப் பொட்டலத்தைப் பன்னிரண்டு மணிக்குப் பிரிக்கும்போது சமைத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். நாலில் ஒரு நாள் சாம்பார் புளித்திருக்கும், மூக்கைப் பிடித்துக்கொண்டு ரசத்தை மட்டும் ஊற்றிச் சாப்பிடுவோம். டார்மில் சமைக்க இடம் இருந்தால் இரண்டு பேரோடு சேர்ந்து சமைத்துவிடுங்கள், உடம்பும் காசும் தப்பிக்கும். ஐந்தரைக்கு லாரி. ஆமாம், பின்னால் திறந்த லாரிதான், மழை வந்தால் தார்ப்பாய் இழுத்துவிடுவார்கள். இதை மாற்ற வேண்டும் என்று அங்கேயே பல வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் போனபோது ஓர் அறைக்குப் பதினாறு பேர். 2020-ல் டார்ம்களில் கொரோனா பரவி நாங்கள் மாதக்கணக்கில் வெளியே போகாமல் கிடந்த பிறகு விதிகளை மாற்றினார்கள். புதிதாகக் கட்டுகிற டார்ம்களில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஆளுக்கு 4.2 சதுர மீட்டராவது வேண்டும். பழைய டார்ம்கள் மெதுவாகத்தான் மாறும், உங்களுக்கு எது அமையும் என்பது அதிர்ஷ்டம்.

வேலையைப் பற்றி ஒரே ஒரு காட்சி சொல்கிறேன். கப்பலின் அடித்தளத்தில் டேங்குகள் இருக்கும். உள்ளே போக உடம்பைச் சாய்த்து நுழைக்கும் அளவுக்கு ஒரு மேன்ஹோல். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது, இரும்பு வெயிலில் காய்ந்து அடுப்பு மாதிரி இருக்கும், பழைய பெயின்ட் வாடை தொண்டையில் ஒட்டும். உள்ளே இறங்குவதற்கு முன்னால் வாயு அளவு பார்த்திருக்க வேண்டும், ஆக்ஸிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், வாசலில் ஒரு ஆள் உட்கார்ந்து யார் உள்ளே, யார் வெளியே என்று எழுத வேண்டும். நான் சேஃப்டிக்கு வந்த பிறகு ஒருநாள் போய்ப் பார்த்தால், வாசலில் உட்கார வேண்டியவனும் உள்ளே கிரைண்டிங் அடித்துக்கொண்டிருக்கிறான். வேலை சீக்கிரம் முடியட்டுமே என்று சூப்பர்வைசர் அனுப்பிவிட்டாராம். வந்து ஒரு மாதம் ஆன பையன், அவனுக்கு முடியாது என்று சொல்லத் தெரியவில்லை. கடன் இருக்கிறவனுக்கு அந்த வார்த்தை வாயில் வராது. நீங்கள் அதை மட்டும் பழகிக்கொண்டு போங்கள். "கேஸ் செக் பண்ணியாச்சா, பேப்பர் எங்கே?" என்று கேட்பதற்கு ஆங்கிலம் பெரிதாக வேண்டாம்.

அடி பட்டால்? மருத்துவச் செலவும் விடுப்புக்கான சம்பளமும் முதலாளி பொறுப்பு. வேலைக்காயத்துக்குத் தனி இழப்பீட்டுச் சட்டமே இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகும் என்றால், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் யாராவது ஒருவர் "டார்மில் வழுக்கி விழுந்தேன்னு சொல்லுடா, கேஸ் ஆனா பெர்மிட் போயிரும்" என்பார். எனக்கும் 2011-ல் சொன்னார்கள், விரல் நசுங்கியிருந்தது, நானும் அப்படியே சொன்னேன். அந்த விரல் இன்றைக்கும் முழுதாக மடங்காது, ஒரு வெள்ளி இழப்பீடு வாங்கவில்லை. டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள், வேலை இடத்தில், இத்தனை மணிக்கு, இப்படி என்று. மொழி பிரச்சினை இல்லை, தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று, பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் தமிழ் தெரிந்த ஒரு நர்ஸாவது இருப்பார்.

ஊர் சுற்றுவது பற்றிக் கேட்டீர்களே. வாரம் ஒருநாள் ஓய்வு சட்டப்படி உண்டு. முதல் வருடத்தில் மூன்று மாதம் முடிந்த பிறகு 7 நாள் சம்பள விடுப்பு, வருடத்துக்கு 11 பொது விடுமுறை. அந்த 7 நாளையும் சேர்த்து வைத்து எல்லாரும் ஊருக்குத்தான் வருவார்கள், வேறு நாடு பார்க்க அல்ல. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் இருக்கிற சிராங்கூன் சாலைக்குப் போவீர்கள். பணம் அனுப்ப, தேக்கா சந்தையில் மீன் வாங்க, வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் ஊர்க்காரனைப் பார்க்க. அங்கே ஒரு விஷயம் கவனம். 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியாவில் நம் ஊர்த் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்து, அதைத் தொடர்ந்து கலவரம் நடந்தது. அதன் பிறகு சட்டம் கடுமையாகிவிட்டது. அந்தப் பகுதியில் சனிக்கிழமை காலை 7-லிருந்து திங்கட்கிழமை காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கவே கூடாது. ஒரு பீர் டின்னுக்காக பெர்மிட்டை இழந்தவன் கதை ஒவ்வொரு டார்மிலும் ஒன்று இருக்கும்.

மற்றபடி அந்த ஊர் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். தாவரவியல் பூங்காவுக்குக் காசு கிடையாது, ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குக் கிடையாது, மரினா பேயில் நின்று படம் எடுக்கவும் கிடையாது. உங்கள் நண்பன் போடுவதும் அந்த இலவசப் படங்களைத்தான், வாரத்தில் மீதி ஆறு நாளை யாரும் போடுவதில்லை. சாங்கி முனையிலிருந்து சின்னப் படகில் உபின் தீவுக்கு ஒரு தடவை போனேன். மண் ரோடு, தென்னை, கோழி. அறந்தாங்கிக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது, அன்றைக்கு முழுக்க மனசு லேசாக இருந்தது. ஜொகூர் பாரு பாலத்தைத் தாண்டினால் மலேசியா, பாலம் ஒரு கிலோமீட்டர்தான். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களை விசா இல்லாமல் விடுகிறார்கள், 2026 கடைசி வரை நீட்டித்திருக்கிறார்கள். ஆனால் பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்க வேண்டும். கம்பெனி அதைப் பிடித்து வைப்பது சட்டப்படி தப்பு, இருந்தும் "பத்திரமா இருக்கட்டும்" என்று வாங்கி வைப்பார்கள். கேட்டு வாங்குங்கள்.

சுற்றவும் வேண்டும், செலவுக்கு வேலையும் வேண்டும் என்பதுதான் உண்மையான ஆசை என்றால் அதற்கு விசாவே வேறு. ஆஸ்திரேலியா 2024-லிருந்து வருடத்துக்கு 1,000 இந்தியர்களுக்கு 'வொர்க் அண்ட் ஹாலிடே' விசா தருகிறது. வயது 18 முதல் 30 வரை, பள்ளிக்குப் பிறகு இரண்டு வருடப் படிப்பு, ஆங்கிலத் தேர்வு, குலுக்கலில் பெயர். குலுக்கலுக்குப் பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். உங்கள் டிப்ளமோவை ஏற்பார்களா என்பதை அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கிடைப்பது சிரமம், ஆனால் கேட்டுப் பார்க்க ஆகும் செலவு ஒரு ஜோடி செருப்பு விலைதான். அங்கே முதலாளியை மாற்றலாம், ஊரை மாற்றலாம். வொர்க் பெர்மிட்டில் அந்தச் சுதந்திரம் இல்லை.

போனால் முன்னேற வழி இல்லையா? உண்டு, கட்டுமானத்தில் அது தெளிவாகவே இருக்கிறது. அடிப்படைத் திறன் உள்ள ஆளுக்கு முதலாளி மாதம் 900 வெள்ளி லெவி கட்ட வேண்டும், உயர்திறன் ஆளுக்கு 500. 2024 ஜனவரியிலிருந்து இதுதான் கணக்கு. நாலு வருட அனுபவத்தோடு இரண்டாவது தொழிலிலும் தேர்வு எழுதித் தேறினால் அந்த உயர் தகுதி, நம் ஆட்கள் 'ஆர் ஒன்' என்பார்கள், கிடைக்கும். உங்களால் முதலாளிக்கு மாதம் 400 மிச்சம். அந்த 400-ல் உங்களுக்கு எவ்வளவு என்று பேரம் பேசத் தெரிந்திருக்க வேண்டும், பாதிப் பேர் பேசுவதே இல்லை. பெர்மிட் முடிய 40-லிருந்து 21 நாள் இருக்கும்போது, பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே கட்டுமானத் தொழிலாளி வேறு கம்பெனிக்கு மாறலாம். இது தெரியாமல் ஊருக்கு வந்து மறுபடி மூன்று லட்சம் கட்டிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

பிரச்சினை வந்தால் போக இடம் இருக்கிறது. 2016 ஏப்ரலிலிருந்து விவரமான சம்பளச் சீட்டு கட்டாயம். நான் போன காலத்தில் ஒரு துண்டுத்தாளில் மொத்தத் தொகையை மட்டும் எழுதித் தருவார்கள். சம்பளம் மாதம் முடிந்து 7 நாளுக்குள், ஓ.டி. 14 நாளுக்குள் வர வேண்டும். வேலை நேரத்தை நீங்களும் ஒரு நோட்டில் தினமும் எழுதி வையுங்கள், போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வரவில்லை என்றால் சம்பளத் தகராறுகளைப் பார்க்கும் டாட்எம் என்கிற முத்தரப்பு அமைப்பில் புகார் தரலாம், வேலை விட்டு வந்திருந்தால் ஆறு மாதத்துக்குள். வெளிநாட்டு ஊழியர் நிலையம் ஒன்று இருக்கிறது, ஹோம், டி.டபிள்யூ.சி.2 போன்ற தொண்டு அமைப்புகள் இருக்கின்றன. வழக்கு நடக்கும்போது கையில் காசில்லாமல் நிற்பவர்களுக்கு லிட்டில் இந்தியாவில் டி.டபிள்யூ.சி.2 2008-லிருந்து இலவசச் சாப்பாடு போடுகிறது. அந்த வரிசையில் என் கூட்டாளி ஒருவன் நாலு மாதம் நின்றான், கடைசியில் சம்பளத்தில் முக்கால்வாசி வாங்கினான்.

இதுவரை சொன்னதில் விதிகளும் கணக்கும் உறுதியானவை. உங்கள் கம்பெனி நல்லதா, ஓ.டி. இரண்டு வருடமும் வருமா என்பதை இங்கிருந்து யாரும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்கிறவர் விற்கிறவர். என் சொந்த அபிப்பிராயம் கேட்டால், அடிப்படைச் சம்பளம் 800-க்குக் கீழே இருந்து, மூன்றரை லட்சமும் வட்டிக்கு வாங்க வேண்டும் என்றால் நான் என் தம்பியை அனுப்ப மாட்டேன். ஒரகடத்திலேயே ஒரு வருடம் இருந்து வெல்டிங்கில் உருப்படியாக ஒரு சான்றிதழ் வாங்கிவிட்டு, முன்பே அங்கிருக்கும் சொந்தக்காரன் மூலம் நேரடியாகக் கம்பெனிக்கு விண்ணப்பிப்பேன். எனக்குத் தெரிந்து ஒரு லட்சத்துக்குள் போனவர்கள் எல்லாரும் அப்படிப் போனவர்கள்தான். அதே சமயம், நான் மறுபடி 24 வயதானால் போயிருப்பேனா என்றால், போயிருப்பேன். வீடு கட்டியது அந்தக் காசில்தான். முதல் பதினான்கு மாதம் ஏஜென்ட்டுக்கு உழைத்ததுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

ஐ.பி.ஏ. வந்தால் பெயர், பாஸ்போர்ட் எண், கம்பெனி பெயர் மூன்றையும் மறைத்துவிட்டு, அடிப்படைச் சம்பளம், படிகள், கழிவுகள் என்கிற அந்தப் பகுதியை மட்டும் இங்கே போடுங்கள். ஏஜென்ட் "முதலில் ஒரு லட்சம் கட்டு, அப்புறம் ஐ.பி.ஏ." என்றால் அதையும் வந்து சொல்லுங்கள். கடிதம் கைக்கு வந்து தளத்தில் சரிபார்க்கும்வரை நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.